வயிற்றுப் பிள்ளையோடு கணவரிடம் செல்ல எந்த விசா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் மூன்று ஒரே கவலையைச் சொல்கின்றன. கணவர் வெளிநாட்டில், மனைவி இங்கே கர்ப்பிணியாக, பிள்ளை பிறக்கும் வேளையில் இருவரும் ஒன்றாக இருக்க முடியுமா என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த மூன்றுக்கும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பதிவு பற்றி வந்த நான்காவதுக்கும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் கணவர் துபாயில் ஒரு நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறார். சம்பளம் 4,500 திர்ஹாம். நண்பர்களோடு ஓர் அறையைப் பங்கிட்டுத் தங்கியிருக்கிறார். எனக்கு இப்போது நான்காம் மாதம். ஏஜென்சிக்காரர் ஒருவர், “விசிட் விசாவில் உடனே போய்விடுங்கள், வயிறு தெரியாத சட்டை போட்டால் போதும், மற்றதை அங்கே போய்ப் பார்க்கலாம்” என்கிறார். அம்மா என்னை அனுப்பவே பயப்படுகிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, அந்த ஏஜென்சிக்காரர் சொன்னபடி மட்டும் செய்து விடாதீர்கள். கர்ப்பமாக இருப்பது குற்றமல்ல. கர்ப்பிணி என்பதற்காக ஐக்கிய அரபு அமீரகம் மனைவிக்கு விசா மறுப்பதுமில்லை. மறைத்துப் போனால் விமானத்திலோ, போய்ச் சேர்ந்த பிறகோ உடம்புக்கு ஏதேனும் நேரும்போது, உங்களைப் பார்க்கிற மருத்துவருக்கு ஒன்றும் தெரியாமற் போகும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 30 அல்லது 60 நாட்களுக்குக் கிடைக்கும் சுற்றுலா விசா. மற்றது, கணவரின் பொறுப்பில் பெறும் குடும்ப வதிவிட விசா. முதலாவது விரைவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதனோடு வரும் பயணக் காப்புறுதி பொதுவாகப் பிரசவச் செலவை ஏற்பதில்லை. விசா முடிந்தபின் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் தண்டமும் சேரும். கட்டணம் செலுத்தி, நாட்டை விட்டு வெளியேறாமலே அதை வதிவிட விசாவாக மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. எனினும் அதற்கு வேண்டிய ஆவணங்கள் எல்லாம் இலங்கையிலிருந்தே அத்தாட்சி பெற்று வரவேண்டியவை. அவற்றை இங்கே விட்டுவிட்டுப் போய், ஏழாம் மாதத்தில் அங்கிருந்து ஆள் பிடித்து எடுப்பித்துத் திண்டாடிய குடும்பங்கள் நம் பகுதியில் பல. எந்த விசா சீக்கிரம் கிடைக்கும் என்பதைக் காட்டிலும், பிரசவ நாளில் எந்த விசா உங்கள் கையில் இருக்கும், அது எந்தக் காப்புறுதியைத் தரும் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

குடும்ப வதிவிட விசாவுக்குக் கணவரின் மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாம் இருக்க வேண்டும். 2019 முதல் தொழிலின் பெயரைவிட வருமானமே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே சம்பளத்தைப் பொறுத்தவரை உங்கள் கணவர் தகுதியுடையவர். இடையூறு அந்த அறையில் இருக்கிறது. நண்பர்களோடு பங்கிட்ட அறையைக் குடும்பத்துக்கான வசிப்பிடமாகக் காட்ட முடியாது. அவருடைய பெயரில் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் வேண்டும். 4,500 திர்ஹாமிலிருந்து துபாயில் ஒரு தனி அறை வாடகையும், உங்கள் காப்புறுதியும், மருத்துவச் செலவும் கொடுத்தபின் என்ன மிஞ்சும் என்பதை நீங்கள் இருவரும் தொலைபேசியில் ஆற அமரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சார்ஜா, அஜ்மான் பக்கம் வாடகை குறைவு என்று பலர் அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய வேலைத்தலம் எங்கே, அங்கிருந்து பிரசவம் பார்க்கும் ஆசுபத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் அதோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். உங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று இன்னும் எழுத்து முடிக்காத தம்பதியர் சிலரும் இந்தப் பகுதியைப் படிக்கக்கூடும். அவர்கள் முதலில் பதிவை முடித்தாக வேண்டும். முஸ்லிம் திருமணமாயினும் பதிவாளரின் சான்றிதழே கேட்கப்படும். சான்றிதழ் தமிழில் இருக்குமானால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பைப் பெற்று, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதற்காகப் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை. திருகோணமலையிலும் அப்பிரிவுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அதன் பின் கொழும்பிலுள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரையும், இறுதியாக அமீரக வெளியுறவு அமைச்சின் முத்திரையும் பெற வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் விவாகச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆங்கிலத்தில் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள். தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் எல்லா முத்திரைகளையும் மறுபடி முதலிலிருந்து பெற வேண்டி வந்தால், உங்கள் நிலையில் இழக்கக்கூடாத வாரங்கள் கழிந்துவிடும். இந்தச் சான்றிதழ் விசாவுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளை அங்கே பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவும் இதையே கேட்பார்கள்.

இனிக் காப்புறுதி. அமீரகத்துக்குப் போகும் பெண்கள் பெரிதும் ஏமாறுவது இதில்தான். துபாயில் ஊழியருக்குக் காப்புறுதி எடுப்பது நிறுவனத்தின் கடமை. ஆனால் மனைவிக்கும் பிள்ளைக்கும் எடுப்பது அவர்களுக்குப் பொறுப்பு நிற்கும் கணவரின் கடமை. நிறுவனம் குடும்பத்தையும் சேர்த்துக் காப்புறுதி செய்வதாயின் நல்லது. இல்லையேல் கணவர் தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பிரசவத்தை ஏற்றுக்கொள்வார்களா, அல்லது குறிப்பிட்ட மாதங்கள் காத்திருக்க வேண்டுமா? சாதாரணப் பிரசவத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் எந்த உச்சத்தொகை வரை கொடுப்பார்கள், அதில் உங்கள் பங்கு என்ன? பிறந்த குழந்தை குறைமாதமாக இருந்து சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் வைக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது? கர்ப்பத்தை மறைத்து வாங்கிய காப்புறுதி, பணம் கேட்கும் நாளில் செல்லாததாகிவிடும். முதற் கேள்விக்கு “ஏற்க மாட்டோம்” என்ற பதில் வந்தால், என் ஆலோசனை தெளிவானது: இந்தப் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவு அனுமதியோடு போய் இறங்கியதும் 60 நாட்களுக்குள் வதிவிட விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையும் அடையாள அட்டைப் பதிவும் செய்யப்பட வேண்டும். பரிசோதனையில் வழமையாக நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அதை எடுப்பதில்லை. எனவே போனவுடனே, கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இங்கே கிளினிக்கில் தந்த கர்ப்பவதிப் பதிவேடு, ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகை, சீனி, பிறஷர் அளவுகள், போட்ட ஏற்புவலி ஊசியின் விபரம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படும் முன் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி, மருத்துவ அதிகாரியின் சுருக்கக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் பெற்றுக்கொண்டால் அங்குள்ள வைத்தியர் முதல் நாளே உங்களைப் புரிந்துகொள்வார்.

வாரக் கணக்கையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒற்றைக் குழந்தையானால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28ஆம் வாரத்தின் பின் மருத்துவர் கடிதம் கேட்கின்றன. 36ஆம் வாரத்தோடு ஏற்றுவதை நிறுத்திவிடுகின்றன. இரட்டைக் குழந்தைகளுக்கு அந்த எல்லை 32 வாரம். பயணச்சீட்டு வாங்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் விதியைக் கேளுங்கள். விமான நிறுவனம் 36ஆம் வாரம் வரை ஏற்றினாலும் நீங்கள் 24ஆம் வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். போன பிறகு வதிவிட விசா, காப்புறுதி, ஆசுபத்திரிப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் நாட்கள் போகும். களுவாஞ்சிக்குடியிலிருந்து கட்டுநாயக்கா வரை வாகனத்தில் ஆறேழு மணி நேரம் அமர்ந்து போவதும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு இலேசான காரியமன்று. ஆவணம் ஏதும் பிந்தி 28ஆம் வாரம் தாண்டிவிட்டால் பயணத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. நம் மட்டக்களப்பில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். தாயும் சகோதரிகளும் பக்கத்து வளவிலேயே இருக்க, பிள்ளை பெற்றவள் தனியே கிடப்பது என்பது நமக்குப் பழக்கமில்லை. அங்கே தனியார் துறை ஊழியருக்குப் பிள்ளை பிறந்ததற்காகச் சட்டப்படி கிடைப்பது ஐந்து வேலை நாட்கள் விடுமுறைதான். அது முடிந்தபின் உங்களையும் குழந்தையையும் யார் பார்ப்பார்? அம்மாவைக் கொஞ்ச நாளுக்கு விசிட் விசாவில் அழைக்க முடியுமானால் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். முடியாதென்றால், களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கட்டணமின்றிப் பிரசவித்து, உடம்பு தேறியபின் பிள்ளையோடு போவதில் ஒரு குறையும் இல்லை. கணவர் தன் வருடாந்த விடுமுறையைப் பிரசவ வாரத்துக்கு ஒதுக்கி வரக்கூடுமா என்றும் கேளுங்கள். ஒரு மாதம் அவர் இங்கே நிற்பது, கடன்பட்டு நீங்கள் அங்கே போவதைவிடச் சில குடும்பங்களுக்கு நன்மையாக அமைந்திருக்கிறது.

இங்கே பிறந்தால் 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தந்தையின் சம்மதக் கடிதமும் வேண்டும். அதை அவர் துபாயிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழைப் போலவே முத்திரைகள் பெற வேண்டும். சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை, அதுதான் தடுப்பூசிகள் குறிக்கும் அந்தப் புத்தகத்தை, கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: நான் கத்தாரில், தோஹாவில் சாரதியாக வேலை செய்கிறேன். சம்பளம் 3,200 ரியால், தங்குமிடம் கம்பனி கொடுத்த முகாம். மனைவிக்கு ஆறாம் மாதம். அவரை எப்படியாவது அழைத்துக்கொள்ள வழியுண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, உங்கள் மனதைப் புண்படுத்தாமல் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தாரில் தனியார் துறையில் உள்ளவர் குடும்பத்துக்கு வதிவிட அனுமதி பெறச் சம்பளம் 10,000 ரியால், அல்லது கம்பனி குடும்ப வீடு கொடுத்தால் 6,000 ரியால் இருக்க வேண்டும். தொழிலும் தொழில்நுட்ப அல்லது சிறப்புத் தகுதி வாய்ந்ததாக இருக்க வேண்டும். குடும்பத்தைக் குறுகிய கால விசிட்டில் அழைப்பதற்கே 5,000 ரியால் சம்பளம் கேட்கிறார்கள். உங்கள் நிலையில் இவை இரண்டும் இப்போது திறக்காத கதவுகள். “வேறு ஒருவருடைய பேரில் விசிட் எடுத்துத் தருகிறேன்” என்று பணம் கேட்பவர்கள் தோஹாவிலும் உண்டு, அக்கரைப்பற்றிலும் உண்டு. அந்தப் பணத்தை அவர்களிடம் கொடுக்காதீர்கள். விசிட்டில் வரும் ஒருவருக்கு அங்கே கட்டாயமாக்கப்பட்ட காப்புறுதி அவசர சிகிச்சைக்கும் விபத்துக்கும் உரியது. ஒரு பிரசவத்தின் முழுச் செலவைத் தாங்க அதை நம்ப முடியாது.

விடுமுறையைப் பேசி எடுங்கள். ஆறாம் மாதத்திலிருந்தே மேலாளரிடம் திகதியைச் சொல்லி, மனைவியின் கிளினிக் அட்டையின் பிரதியை இணைத்து, எழுத்தில் விண்ணப்பியுங்கள். வர முடியாதபடி ஆனால், பிள்ளையின் பிறப்புப் பதிவுக்குத் தேவையான உங்கள் விபரங்களும் விவாகச் சான்றிதழின் பிரதியும் மனைவியின் கையில் இப்போதே இருக்கட்டும். கடைசி மாதத்தில் இரவில் வலி எடுத்தால் யாருடைய வாகனம், யார் கூடப் போவது என்பதைத் தோஹாவிலிருந்தபடியே நீங்கள் ஒழுங்குபடுத்தி வைக்கலாம். அதுவும் அவர் பக்கத்தில் நிற்பதுதான்.

கேள்வி: மருமகன் 2023இல் பராமரிப்புப் பணியாளர் விசாவில் இங்கிலாந்து சென்றார். அதே வேலையில்தான் இருக்கிறார். மகளுக்கு ஐந்தாம் மாதம். பராமரிப்புப் பணியாளர் இனி மனைவியை அழைக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுற்றுலா விசாவில் அனுப்பலாமா?
– தந்தை ஒருவர், ஆரையம்பதி

பதில்: ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர் விசா பெறுபவர்கள் துணையையோ பிள்ளைகளையோ அழைக்க முடியாது. ஆனால் அந்தத் திகதிக்கு முன்பே அந்த விசாவில் இருந்து, தொடர்ந்து அதே வகை வேலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் மருமகன் இந்தப் பிரிவுக்குள் வருவதால், மகள் துணைவருக்கான விசாவுக்கே விண்ணப்பிக்கலாம். சுகாதார, பராமரிப்பு விசாவில் உள்ளவரின் குடும்பத்தினர் சுகாதார மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. போனதும் அரச சுகாதார சேவையில் பிரசவப் பராமரிப்பு கிடைக்கும். விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு போதும். அமீரகத்துக்கு வேண்டியது போன்ற முத்திரை வரிசை இதற்கு வேண்டாம். மருமகனின் நிறுவனம் ஆரம்பச் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதித் தராவிட்டால், 285 பவுணுக்குச் சமமான தொகை 28 நாட்கள் தொடர்ந்து வங்கியில் இருந்ததைக் காட்ட வேண்டும்.

உங்கள் மகளின் காரியத்தில் காலத்தைத் தின்னக்கூடியது காசநோய்ப் பரிசோதனை. இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் செல்வோர் கொழும்பிலுள்ள புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நிலையத்தில் அதைச் செய்ய வேண்டும். கர்ப்பிணி ஒருவர் வயிற்றுக்குப் பாதுகாப்புக் கவசத்தோடு எக்ஸ்ரே எடுக்கச் சம்மதிக்கலாம், அல்லது சளிப் பரிசோதனையைத் தெரிவு செய்யலாம், அல்லது பிரசவம் வரை காத்திருக்கலாம். சளியில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதால் முடிவு வர இரண்டு மாதம் வரை செல்லும். ஐந்தாம் மாதத்தில் இருப்பவருக்கு இரண்டு மாதம் என்றால் ஏழாம் மாதம். அதற்குமேல் விசா முடிவுக்குச் சில வாரங்கள். ஆகவே மகளின் மகப்பேற்று வைத்தியரிடம் கவசத்தோடு எடுக்கும் எக்ஸ்ரே பற்றி இந்த வாரமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், பிள்ளை பிறந்தபின் இருவருமாகப் போவது என்று இப்போதே மனதை நிலைப்படுத்திக்கொள்வது மகளுக்கு நிம்மதி தரும்.

சுற்றுலா விசாவில் அனுப்ப வேண்டாம். அந்த விசாவில் வருபவரிடம் பிரசவத்துக்கு வழமையான கட்டணத்தின் 150 சதவீதம் அறவிடப்படும். அவசரமான பேறுகாலப் பராமரிப்பை மறுக்கமாட்டார்கள் என்றாலும் கட்டணம் நிற்கும். 500 பவுணோ அதற்கு மேலோ செலுத்தாமல் விட்டால் பின்னைய விசா விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அங்கே பிறந்தால் பிள்ளைக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைக்கும் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருந்தால் அதுவும் சரியன்று. 1983 முதல், பெற்றோரில் ஒருவராவது பிரித்தானியராகவோ அங்கே நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருந்தால்தான் பிறப்பால் அவ்வுரிமை வரும்.

கேள்வி: எங்கள் குழந்தை சார்ஜாவில் பிறந்து பத்து மாதமாகிறது. வதிவிட விசா எடுத்துவிட்டோம். இலங்கையில் பதிய வேண்டுமா?
– வாசகி, கல்முனை (தற்போது சார்ஜா)

பதில்: கட்டாயம் பதிய வேண்டும், அதுவும் உடனே. அமீரகத்தில் பிறந்ததால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இலங்கைப் பிரசையாவதற்கு, பிறந்த ஓராண்டுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாய், தந்தை இருவரில் எவர் வழியாகவும் அந்த உரிமை செல்லும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. துபாயிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவையும் குடியுரிமைப் பதிவையும் ஒன்றாகக் கேட்டுச் செய்யுங்கள். ஓராண்டு கடந்தாலும் காரணம் காட்டி விண்ணப்பிக்க இடமுண்டு, ஆனால் தாமதமும் செலவும் கூடும். வதிவிட விசாவை நேரத்தோடு எடுத்தது நல்லது. பிறந்து 120 நாட்களுக்குள் எடுக்காதவர்களுக்கு அங்கே நாட்கணக்கில் தண்டம் விதிக்கப்படுகிறது. இப்போது பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுகள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளோடு சென்று வாருங்கள். கல்முனையில் உள்ள உங்கள் சொந்தப் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையென்றால், வீட்டாரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி இந்தக் கிழமையே எடுப்பித்துக்கொள்ளுங்கள்.